தேதியை விடுங்கள், மலையைப் பிடியுங்கள்

ஜப்பானுக்கு இலையுதிர்காலத்தில் சிவக்கும் இலை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது தேதியைத்தான். எந்த வாரம் போனால் மரமெல்லாம் சிவந்திருக்கும்? பினாங்கின் பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்பவர்களும், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்களும், கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனாரும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. விமான டிக்கெட்டைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கினால்தான் விலை கைக்கு எட்டும். விடுமுறையைப் பிள்ளைகளின் தேர்வையும் தீபாவளியையும் பார்த்துத்தான் போட முடியும். ஆனால் இலை நம் விடுமுறையைப் பார்த்துப் பழுப்பதில்லை. ஓர் ஆண்டு குளிர் முந்திக்கொள்ளும். மறு ஆண்டு பத்து நாள் பிந்தும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். தேதியை விட்டுவிடுங்கள். அடிவாரத்திலிருந்து உயரத்துக்கு ஏறும் மலைச்சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரில் போங்கள். இலைக்காலத்தில் நீங்கள் போகும் நாள் எதுவானாலும், அந்தச் சரிவில் ஏதோ ஓர் உயரத்தில் இலை சரியான பதத்தில் இருக்கும்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கொடிமலை ரயிலில் ஏறி மேலே இறங்கியதும் கையில் சிலிர்ப்புத் தட்டும். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் குறையும். கொடிமலையின் உயரம் 833 மீட்டர். ஆகவே கடற்கரைக்கும் உச்சிக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம். நமக்கு அது வெறும் குளுமை. பருவங்கள் மாறும் நாட்டில் அந்த ஐந்து டிகிரி, சில வாரங்களுக்குச் சமம். இரவுக் குளிர் எட்டு டிகிரி அளவுக்கு இறங்கும்போது மரங்கள் நிறம் மாறத் தொடங்கும் என்று ஜப்பானியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிர் முதலில் உச்சிக்கு வரும், பிறகு படிப்படியாகக் கீழே இறங்கும். அதோடு சேர்ந்து சிவப்பும் இறங்கும். காரில் கீழிருந்து மேலே ஏறுகிறவர் அதை எதிர்கொண்டு போகிறார்.

நாங்கள் போனது நிக்கோ. தீபாவளி முடிந்த கையோடு, அக்டோபர் இறுதியில், நானும் அம்மாவும் மகனும். டோக்கியோவுக்கு வடக்கே இரண்டு, இரண்டரை மணி நேர ஓட்டம். நிக்கோ ஊர் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரோஹாசாக்கா என்ற மலைச்சாலை சூசென்ஜி ஏரிக்கு ஏறுகிறது. ஏரி இருப்பது 1,269 மீட்டரில். ஏரியைத் தாண்டி அதே 120ஆம் எண் சாலையில் போனால் செஞ்சோகஹாரா என்ற சதுப்புப் புல்வெளி, ஏறக்குறைய 1,400 மீட்டர். அதற்கும் அப்பால் யுமோத்தோ என்னும் வெந்நீர் ஊற்றுக் கிராமம், 1,500 மீட்டரை நெருங்கும். ஆக, ஊருக்கும் யுமோத்தோவுக்கும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வித்தியாசம். வழியில் நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சாலையில், செப்டம்பர் கடைசியில் யுமோத்தோப் பக்கம் தொடங்கும் நிறம் நவம்பர் நடுவில்தான் ஊருக்கு வந்து சேர்கிறது.

காரை நானே ஓட்டினேன். தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம்தான். நம் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டால் போதும். 1949ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தப்படி வழங்கப்படும் அந்த அனுமதியை ஜப்பான் ஏற்கிறது. கடவுச்சீட்டையும் நம் உள்நாட்டு உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். தொஹொக்கு நெடுஞ்சாலையில் உட்சுனோமியா வரை போய், அங்கிருந்து நிக்கோ சாலைக்குத் திரும்பி, கியோத்தாக்கி என்ற இடத்தில் வெளியேறினால் நேரே மலையடிவாரம்.

விடியற்காலை நான்கரைக்கு டோக்கியோவை விட்டுக் கிளம்பினோம். இலைக்காலத்தின் வார இறுதியில் இரோஹாசாக்காவில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். காலை ஏழு மணிக்கு முன் அடிவாரத்தைத் தொட்டுவிட வேண்டும். மகனை எழுப்புவதுதான் பாடாக இருந்தது. அம்மா நான்கு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கெடாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம், தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை விட்டு வெளியேறி இத்தனை ஆண்டுகள் ஆகியும், அவர் உடம்பை விட்டுப் போகவில்லை.

இரோஹாசாக்கா உண்மையில் இரண்டு சாலைகள். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இறங்கும் சாலையில் 28, மொத்தம் 48. பழைய ஜப்பானிய அரிச்சுவடியின் 48 எழுத்துகளில் ஒவ்வொன்றும் ஒரு வளைவில் பலகையாக நிற்கிறது. மகன் அவற்றைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். ஏறும் சாலையில் இரண்டு தடங்களும் ஒரே திசையில் போகின்றன. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு எதிரே வரும் காய்கறி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டியவர்களுக்கு இந்த நிம்மதி புரியும். எதிரே வண்டி வராது என்று தெரிந்ததும் கண் தானாகவே மரங்கள் பக்கம் போகிறது.

அடிவாரத்தில் காடு இன்னும் பச்சைதான், விளிம்பில் மட்டும் மஞ்சள். நான்காவது, ஐந்தாவது வளைவில் மஞ்சள் பெருகியது. அதற்கு மேலே திடீரென்று சிவப்பு. ஒரு மரம் இரண்டு மரம் இல்லை. எதிர்ச்சரிவு முழுவதும் மேப்பிள், செர்ரி, ஓக் என்று பல சாதி மரங்கள் கலந்து, ஒவ்வொன்றும் தன் நிறத்தில் நின்றன. நடுவே ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாக இருந்ததால் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. பூக்காட்சிக்கூடத்தில் தொட்டி தொட்டியாக அடுக்கிய நிறத்தைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலை, தானே முடிவு செய்து போட்டுக்கொண்ட நிறம் இது.

ஏறும் சாலையின் கடைசிப் பகுதியில் அக்கேச்சிதைரா என்ற இடத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து மூன்று நிமிடம் கம்பிவட வண்டியில் ஏறினால், 97 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கேகோன் அருவியும், அதற்குப் பின்னால் சூசென்ஜி ஏரியும், ஏரிக்கரையில் 2,486 மீட்டர் நந்தாய் மலையும் ஒரே பார்வையில் அடங்கும். நந்தாய் ஓர் எரிமலை. அது கக்கிய குழம்பு ஆற்றை அடைத்துத்தான் ஏரியே உண்டானது. நிறுத்துமிடம் சிறியது. காலையில் போனதால் இடம் கிடைத்தது.

அந்த நிறுத்துமிடத்து ஓரத்தில் ஒரு மேப்பிள் மரம். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் படமெடுத்து முடித்துக் கூப்பிட்டும் வரவில்லை. "பாப்பா, இங்கே வந்து பார். மேலே வெயில் படுகிற இலைதான் சிவந்திருக்கிறது. உள்ளே நிழலில் இருப்பதெல்லாம் மஞ்சள்" என்றார். பிறகு கீழே குனிந்து ஓர் இலையை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு இலை. அதன் நடுவில், இன்னோர் இலையின் பாதி உருவம் மஞ்சளாக அச்சுப் பதித்ததுபோல இருந்தது. மரத்தில் இருந்தபோது மேலே ஓர் இலை அதை மறைத்திருக்கிறது; மறைந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஏறவில்லை.

அம்மா கண்டுபிடித்தது அறிவியலும் சொல்வதுதான். இலையில் மஞ்சள் எப்போதும் இருக்கிறது. கோடையில் பச்சயம் அதை மூடியிருக்கும். குளிர் வந்து பச்சயம் சிதைந்ததும் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. அது அந்தச் சில வாரங்களில் புதிதாக உண்டாவது. காம்பின் அடியில் மரம் ஒரு தடுப்பு அடுக்கை வளர்க்கத் தொடங்க, இலையில் தங்கிவிடும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் உருவாகிறது. அதற்கு வெயில் வேண்டும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வந்தால் அந்த ஆண்டு சிவப்பு அமோகம். மழையும் மூட்டமுமாக இருந்தால் மஞ்சளோடு நின்றுவிடும். மூன்றாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை நிறுத்தியவர் என் அம்மா. ஒரு மரத்தைச் சுற்றி வந்து இதன் பாதியை அவரே படித்துவிட்டார். அந்த இலை இப்போது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

ஏரிக்கரையில் நிறம் முற்றிவிட்டிருந்தது. காற்றடித்தால் இலை கொட்டியது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா சைவம். நிக்கோவில் சோயாப் பாலைக் காய்ச்சி, மேலே படியும் ஆடையை எடுத்துச் சமைக்கிறார்கள். புத்த மடங்களிலிருந்து வந்த உணவு. பினாங்குச் சீனச் சைவக் கடைகளில் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது புதிதாகவே இல்லை. ஆனால் ஊற்றும் சாறு மீனில் காய்ச்சியதா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மீன்தான். நாங்கள் சாற்றை விட்டுவிட்டுச் சோற்றோடும் கையில் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயோடும் சாப்பிட்டோம்.

குரங்குகளும் உண்டு. சாலையோரத் தடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உணவு கொடுப்பது அங்கே தடை. நம் தாவரவியல் பூங்காவில் பையைப் பறிகொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செஞ்சோகஹாராவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். வளைவுச் சாலையின் சிவப்பைப் பார்த்துவிட்டு ஏரியிலேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள் பலர். தயவுசெய்து திருப்பாதீர்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனால் சிவப்பு முடிந்து வேறோர் உலகம் தொடங்குகிறது. பரந்த புல்வெளி முழுவதும் வைக்கோல் நிறம். பூர்ச்ச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து வெள்ளைத் தண்டுகளாக நிற்கின்றன. அவற்றின் நடுவே லார்ச் மரங்கள், ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பவை, தங்க மஞ்சளில் நின்றன. காற்று வீசும்போது அந்த ஊசிகள் பொடிப்பொடியாக உதிர்ந்து சாலையில் படிந்தன. யுமோத்தோவில் ஒன்றுமே மிச்சமில்லை, வெறும் கிளைகள். காலையில் பச்சையில் புறப்பட்ட நாங்கள் மதியத்துக்குள் குளிர்காலத்தின் வாசலுக்கு வந்துவிட்டோம். அதற்கு மேலே கோன்செய் கணவாய். டிசம்பர் இறுதியிலிருந்து வசந்தம் வரை பனியால் மூடிவிடுவார்கள்.

புல்வெளியின் நடுவே போகும் பலகைப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "இங்கே இலை உதிர்ந்தால் யாருக்காவது சம்பளம் குறையுமா?"

குறையாது என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு அவரே சொன்னார்: "நம் மரமும் இப்படித்தான் சிவக்கும். தைப்பூசம் முடிந்ததும் தோட்டமே பழுத்துப்போகும். ஆனால் இலை விழுந்தால் பால் குறையும். பால் பிடிக்கிற மங்கில் அடிமட்டத்தில்தான் நிற்கும். எடை போடும்போது கணக்கெழுதும் கிராணி சொல்கிற எண்ணைக் கேட்டால் வயிறு கலங்கும். அந்த நேரத்தில் யார் மேலே பார்த்தார்கள்?"

அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகள் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையைப் பற்றிச் சொல்வாள். வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவுக்கு மலைமுதுகிலேயே 755 கிலோமீட்டர் ஓடும் சாலை. மிக உயர்ந்த இடம் 1,800 மீட்டருக்கும் மேல். அங்கேயும் இதே கணக்குதான்: அக்டோபர் தொடக்கத்தில் உச்சிகள், மாத இறுதியில் தாழ்வான பகுதிகள். மலை எங்கே இருந்தாலும் விதி மாறுவதில்லை. ஆனால் நிக்கோவிலிருந்து இறங்கும்போது, 28 வளைவுகளையும் தாழ்ந்த கியரில் மெல்ல எடுத்துக்கொண்டு வந்தபோது, என் நினைப்பெல்லாம் கெடாவில்தான் இருந்தது.

இந்தப் பிப்ரவரியில், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்து முடித்த சில நாட்களில், அம்மாவை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் தாண்டிக் கெடாவுக்குப் போனேன். சுங்கைப் பட்டாணியிலிருந்து குவாலா கெட்டில், கூப்பாங் வழியாகப் பாலிங் போகும் 67ஆம் எண் சாலை. பிறகு கூப்பாங்கிலிருந்து சிக் பக்கம் திரும்பும் மலைச்சாலை. அம்மா வேலை செய்த தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சமவெளிப் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் போயின. ஆனால் பாலிங், சிக் வட்டாரங்களில் சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் இன்னும் குன்று குன்றாக நிற்கிறது. ரப்பர் விலை வீழ்ந்து பசி வந்தபோது, 1974 நவம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கிய பாலிங் இது.

நம் ரப்பருக்குக் குளிர் தேவையில்லை, வறட்சிதான் அதை உதிர்க்கிறது. வட மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி நன்றாகக் காய்வதால் இங்கே இலை ஒரே மூச்சில் பழுக்கிறது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தெற்கில் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இன்னொன்றையும் அம்மாதான் காட்டினார். ஒரு குன்று முழுவதும் செங்கல் சிவப்பு, பக்கத்துக் குன்று முழுவதும் பச்சை, நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை. "அது வேறு ஒட்டு, இது வேறு ஒட்டு" என்றார். ஒரு தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளை ஒரே சரிவில் நட்டால், எல்லாம் ஒரே மரத்தின் மறுபிறப்புகள். பழுப்பதும் ஒன்றாக, உதிர்வதும் ஒன்றாக. நிக்கோவில் ஒரே சரிவில் இருபது நிறம். இங்கே ஒரு சரிவுக்கு ஒரு நிறம், ஆனால் அது முழு நிறம். இதை யாரும் விளம்பரப் பலகையில் போடுவதில்லை. பார்க்க டிக்கெட்டும் இல்லை, நெரிசலும் இல்லை. என்னைக் கேட்டால், நம் நாட்டில் இந்த மாதத்தில் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல சாலை கிடையாது.

ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். காய்ந்த சருகு முழங்கால் வரை இல்லாவிட்டாலும் கணுக்கால் மூடும் அளவு கிடந்தது. மரத்தடிக்குப் போனதும் முதலில் பார்த்தது இலையை இல்லை, பட்டையை. வெட்டுக்காயத்தில் விரலை ஓட்டி, "ஆழமாகப் போட்டிருக்கிறான், மரம் புண்ணாகிவிடும்" என்று முகம் சுளித்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தினார். வெகுநேரம் நிமிர்ந்தபடியே நின்றார். நான் படம் எடுக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தைப்பூசத்துக்குப் பிறகு நான்கைந்து நாள் தொடர்ந்து மழையில்லாமல் இருந்தால் கிளம்பிவிடுங்கள். காலை ஏழுக்குள் பாலத்தைத் தாண்டினால், வெயில் ஏறுவதற்குள் பாலிங்கில் பசியாறிவிட்டு, சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்துக்கொண்டே சிக் பக்கம் திரும்பலாம். சருகுக் காலத்தில் தோட்ட ஓரத்தில் சிகரெட்டையோ நெருப்பையோ போடக் கூடாது. ஒரு பொறி போதும், ஒருவருடைய பிழைப்பே எரிந்துவிடும். வேலியில்லை என்றாலும் அது யாரோ ஒருவரின் நிலம், ஆளைக் கண்டால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உதிர்ந்த மரம் வெகுநாள் மொட்டையாக நிற்காது. சில வாரங்களில் தளிர் வரும், முதலில் செம்பு நிறத்தில். அதற்கும் ஒரு முறை போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவரோடு அடுத்த நிரையில் மரம் வெட்டிய தோழி இப்போது கூலிமில் மகன் வீட்டில் இருக்கிறார். போகும் வழியில் அவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம், முன் இருக்கை அவருக்குத்தானாம்.